இன்ச் டேப்ப வச்சு அளந்து பாத்ததுக்கு அப்புறம்தான் புத்தி வந்துச்சு

மாசக் கடைசி, கணக்கு முடிக்கிற நேரம், காலைல எட்டரைக்கு லேப்டாப் முன்னாடி உக்காந்தவ சாயங்காலம் ஆறரைக்குதான் தலைய தூக்கி எதிர் சுவத்துல இருக்கிற கடிகாரத்த பாத்தேன், முள்ளு ரெண்டையும் காணோம். வெள்ளையா ஒரு வட்டம், நடுவுல பென்சில்ல கிறுக்கி ரப்பர் வச்சு அழிச்ச மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான். கண்ணாடி போட்டுட்டுதான் இருந்தேன். கழட்டி தொடச்சு மறுபடி போட்டேன், அதே கதைதான். பத்து பதினஞ்சு செகண்ட் அப்படியே மொறச்சு பாத்துட்டே இருந்தேன், மொதல்ல பெரிய முள்ளு வந்துச்சு, அப்புறம் சின்ன முள்ளு, கடைசியா நம்பரெல்லாம் ஒவ்வொண்ணா அதுங்க எடத்துல வந்து உக்காந்துச்சு. இதுக்கு முன்னாடியும் சாயங்காலத்துல லேசா மங்கலா இருக்கும், டயர்டு போலன்னு விட்டுருவேன். அன்னைக்கு கொஞ்சம் பயந்துட்டேன்.

எனக்கு 34 வயசு. காலேஜ் படிக்கும்போதே ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 1.50, பத்து வருஷத்துக்கு மேல அது அசையவே இல்ல. சரி பவர் ஏறிடுச்சு போலன்னு நெனச்சு மறுநாள் வேலை முடிஞ்ச கையோட, அதே களைச்ச கண்ணோட, ஒரு கண்ணாடி கடைக்கு போனேன் (சாயங்காலம் போனது எவ்வளவு பெரிய தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சது). மெஷின்ல தாடைய வச்சு பாத்தாங்க, மைனஸ் 2.25 வந்துச்சு. "நாள் பூரா சிஸ்டம்தானா மேடம், அதான் ஏறிடுச்சு"ன்னு சொல்லி ப்ளூ கட் கோட்டிங்கோட (ஸ்க்ரீனோட நீல வெளிச்சத்த தடுக்கற பூச்சாம்) ஒரு புதுக் கண்ணாடிய தலைல கட்டிட்டாங்க. போட்டதும் தூரத்துல இருக்கிறதெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சது, அதுதான் வம்பே. லேப்டாப் முன்னாடி ஒரு மணி நேரம் உக்காந்தா புருவத்துக்கு மேல யாரோ ரெண்டு கட்டைவிரல வச்சு அழுத்துற மாதிரி வலி. பழகிடும் பழகிடும்னு ரெண்டு வாரம் ஓட்டினேன், பழகல.

அப்புறம் கண் டாக்டர்கிட்ட போனேன். அவங்க மொதல்ல கேட்டது பவரப் பத்தி இல்ல, எத்தன மணி நேரம் ஸ்க்ரீன் பாக்கறீங்கன்னு கூட இல்ல, "எவ்வளவு தூரத்துல வச்சு பாக்கறீங்க?" நான் "நார்மல் தூரம்தான் டாக்டர்"னேன். "நார்மல்னா?" கைய முழுசா நீட்டி காமிச்சேன். அவங்க சிரிச்சுட்டு, "இவ்வளவு கைய நீட்டி உக்கார்றவங்க எங்கிட்ட வரமாட்டாங்களேம்மா"ன்னாங்க.

கண்ணுல ஒரு சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவ விட்டு, முக்கா மணி நேரம் உக்கார வச்சாங்க. அந்த மருந்து கண்ணு உள்ள இருக்கிற போக்கஸ் பண்ற தசைய தற்காலிகமா அசையவிடாம பண்ணிடும், அதனால தசை தானா இறுகிக்கிட்டு காட்டற பொய்க்கணக்கெல்லாம் போயிட்டு உண்மையான பவர் மட்டும் மிஞ்சும். அன்னைக்கு பூரா வெளிச்சம் கூசும், கிட்டத்துல ஒண்ணும் படிக்க முடியாது, யாரையாவது கூட கூட்டிட்டு போங்க. மறுபடி பாத்தாங்க, மைனஸ் 1.50. பத்து வருஷமா இருந்த அதே பவர். கடைல ஏத்தி விட்ட 0.75 என் கண்ணோட பவரே இல்ல, அது என் தசையோட பிடிப்பு.

அவங்க சொன்னத நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன். கண்ணு உள்ள லென்ஸ சுத்தி வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு, சிலியரி தசைன்னு பேரு. தூரத்துல பாக்கும்போது அது சும்மா கிடக்கும். கிட்டத்துல பாக்கும்போது அது இறுகும், இறுகினா லென்ஸ இழுத்துப் பிடிச்சுட்டு இருக்கிற நூலுங்க தளரும், லென்ஸ் குண்டாகும், கிட்ட இருக்கிறது தெளிவா தெரியும். கூடவே ரெண்டு கண்ணும் மூக்குப் பக்கமா திரும்பணும், அது தனி தசைங்களோட வேலை. இதையெல்லாம் பத்து மணி நேரம் இறுக்கியே வச்சிருந்தா விட்டதும் உடனே தளராது, முறுக்கிப் பிழிஞ்ச துணிய கைய விட்டதும் அது நேரா ஆயிடுதா என்ன. அந்த நேரத்துல போய் டெஸ்ட் பண்ணா கிட்டப்பார்வை கூடிட்ட மாதிரிதான் காட்டும். அதுக்கு மேல மைனஸ் கண்ணாடிய ஏத்திப் போட்டா கிட்டத்துல பாக்க தசை இன்னும் 0.75 எக்ஸ்ட்ராவா வேலை செய்யணும். வலி வராம என்ன பண்ணும்.

வீட்டுக்கு வந்ததும் இன்ச் டேப்ப எடுத்தேன். நானே அளந்தா நிமிந்து உக்காந்துருவேன்னு தெரியும், அதனால எங்க வீட்டுக்காரர்கிட்ட டேப்ப குடுத்து, நான் வேலைல மூழ்கியிருக்கும்போது சொல்லாம வந்து கண்ணுலேந்து ஸ்க்ரீன் வரைக்கும் அளங்கன்னு சொல்லி வச்சேன். மூணு நாள் அளந்தாரு. காலைல 41 சென்டிமீட்டர். மத்தியானம் 35. சாயங்காலம் நாலு மணிக்கு மேல 29! நைட்டு படுக்கைல மொபைல் 18. பக்கத்துல டேப்லட்டோட குப்புறப் படுத்திருந்த எங்க பொண்ணு, 9 வயசு, 14. அவளோடத அவர் ரெண்டு தடவ அளந்தாரு, டேப்ப தப்பா பிடிச்சுட்டோமோன்னு.

இந்த நம்பர வச்சு ஒரு சின்ன கணக்கு இருக்கு, எனக்கு கணக்குதானே தொழிலு, போட்டுப் பாத்தேன். 100-அ சென்டிமீட்டரால வகுத்தா, சரியான பவர் கண்ணாடி போட்டிருக்கும்போது அந்த தூரத்துக்கு கண்ணு எத்தன டயாப்டர் (கண்ணாடி பவர அளக்கற அதே அலகுதான்) உழைக்கணும்னு வந்துரும். 65 சென்டிமீட்டர்ல ஒண்ணரை. 41ல கிட்டத்தட்ட ரெண்டரை. 29ல மூணரை. 18ல அஞ்சரை. 14ல ஏழு. 6 மீட்டருக்கு அந்தப் பக்கம் பாத்தா 0.17, அதாவது ஒண்ணுமே இல்ல. இதுல என்னைய தூக்கிப் போட்டது எதுன்னா இது நேர்கோட்டுல ஏறல. 65லேந்து 55க்கு வந்தா கூடுற சுமை வெறும் 0.28. 28லேந்து 18க்கு வந்தா 2 டயாப்டர். அதே 10 சென்டிமீட்டர்தான், தூரத்துல அது தூசு, கிட்டத்துல அது மலை. மானிட்டர தள்ளி வைக்கணுமா வேணாமான்னு சண்ட போட்டுட்டு இருக்கோம், ஆனா உண்மையான ஆட்டம் கைல இருக்கிற மொபைல்ல நடக்குது.

சராசரியா ஒருத்தரால எத்தன டயாப்டர் வரைக்கும் போக முடியும்னும் ஒரு கணக்கு இருக்கு, 18.5லேந்து வயசுல 0.3 மடங்க கழிக்கணும். என் வயசுக்கு எட்டு சொச்சம் வரும். இருக்கிறதுல பாதிக்குள்ள வச்சுக்கிட்டாதான் ரொம்ப நேரம் சிரமமில்லாம பாக்க முடியும்னு சொல்றாங்க, அப்ப நைட்டு 18 சென்டிமீட்டர்ல நான் அந்த பாதிய தாண்டிப் போயி ஒரு மணி நேரம் குடும்பம் நடத்திட்டு இருந்திருக்கேன். நாப்பதுக்கு மேல இந்த கையிருப்பு இன்னும் கொறையும், அதுதான் வெள்ளெழுத்து.

சரி தூரம் கம்மி, இனிமே தள்ளி உக்காருவோம்னு முடிவு பண்ணேன். ரெண்டு நாள் தாங்கல. காலைல ஒழுங்கா நிமிந்து உக்காருவேன், பதினொரு மணிக்கெல்லாம் மூக்கு ஸ்க்ரீன் கிட்ட போயிருக்கும். அவர் "மனசு வச்சா முடியும்"னாரு. மனசெல்லாம் இதுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க. யாரும் வேணும்னு கிட்ட போறதில்ல, ஏதோ ஒண்ணு நம்மள இழுக்குது, அந்த இழுக்கிறது எதுன்னு கண்டுபிடிக்காம தள்ளி உக்காரு தள்ளி உக்காருன்னு கத்தினா ஒரு பிரயோஜனமும் இல்ல. எனக்கு இது புரியறதுக்கு ஒரு வாரம் ஆச்சு.

என்னைய இழுத்தது மொதல்ல எக்செல். ஒரே ஸ்க்ரீன்ல எல்லா காலமும் (நெடுவரிசையும்) தெரியணும்னு ஜூம்ம 70ல வச்சிருந்தேன், வருஷக்கணக்கா. எழுத்து எறும்பு சைஸ். காலைல கண்ணு ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது 41ல படிச்சுடும், சாயங்காலம் களைச்சதும் அதே எழுத்த படிக்க உடம்பு தானா முன்னாடி சாயும். டாக்டர் ஒரு டெஸ்ட் சொல்லிக் குடுத்தாங்க, ரொம்ப பிடிச்சது எனக்கு: நீங்க உக்கார்ற தூரத்தப் போல மூணு மடங்கு தூரம் பின்னாடி போய் நில்லுங்க, அங்கேந்து எழுத்த கஷ்டப்பட்டாவது படிக்க முடிஞ்சா அந்த சைஸ் உங்களுக்கு ஓகே. நான் எந்திரிச்சு ரெண்டு அடி பின்னாடி போனதுக்கே 3 எது 8 எதுன்னு தெரியல. ஜூம்ம 120க்கு ஏத்தினேன். காலம் எல்லாம் வெளிய போயிடுச்சு, வேலையே ஓடாதுன்னு அழுகை வந்துச்சு, அப்புறம் வேண்டாத காலத்த மறைக்கவும் மொத ரெண்டு காலத்த அப்படியே நிறுத்தி வைக்கவும் கத்துக்கிட்டேன், இப்ப பழைய மாதிரி வைக்கச் சொன்னா என்னால முடியாது.

ரெண்டாவது லேப்டாப்போட அமைப்பே. கீபோர்டும் ஸ்க்ரீனும் ஒட்டிப் பொறந்தது, கை எட்டணும்னா ஸ்க்ரீனும் கூடவே கிட்ட வந்துதான் ஆகணும், ஸ்க்ரீன தள்ளினா கீபோர்டும் போயிடும். தனி கீபோர்டு ஒண்ணு வச்சுக்கிட்டு லேப்டாப்ப பின்னாடி தள்ளினதுதான் நான் பண்ணதுலயே பெரிய மாத்தம், இப்ப 62லேந்து 65 இருக்கு. ஆனா இதுல ஒரு கோமாளித்தனமும் பண்ணேன். கழுத்துக்கு நல்லதுன்னு லேப்டாப்ப தடித்தடியா நாலு புக்கு மேல ஏத்தி வச்சேன், ஸ்க்ரீன் கண்ணுக்கு மேல போயிடுச்சு, ரெண்டு நாள்ல கண்ணு எரிய ஆரம்பிச்சுது. மேல பாத்தா இமை அகலமா தெறக்கும், கண்ணீர் சீக்கிரம் காயும். ஸ்க்ரீனோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்கு கொஞ்சம் கீழ இருக்கணும், பார்வை லேசா தாழ்ந்து விழணும். ரெண்டு புக்க எடுத்துட்டேன்.

மூணாவது ஜன்னல். என் முதுகுக்குப் பின்னாடி. மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா ஸ்க்ரீன்ல அடிக்கும், அந்த வெளிச்சத்துல எழுத்து வெளுத்துப் போகும், நான் என் தலை நிழல ஸ்க்ரீன் மேல விழ வைக்கிறதுக்காகவே முன்னாடி சாஞ்சிருக்கேன், அது எனக்கே தெரியாது, அவர்தான் பாத்து சொன்னாரு. டேபிள திருப்பி ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி போட்டோம், முடிஞ்சது.

எங்க அண்ணனுக்கு இழுப்பு வேற மாதிரி. அவருக்கு 47, மேல தூரப்பார்வை கீழ படிக்கிறதுன்னு ஒரே கண்ணாடில எல்லாம் வர்ற ப்ரோக்ரெஸிவ் லென்ஸ். அதுல நடு தூரத்துக்கான பகுதி ரொம்ப ஒல்லியா இருக்கும், மானிட்டர் அங்கதான் விழும். அவர் தாடைய தூக்கி கீழ்ப்பகுதி வழியா பாப்பாரு, அந்தப் பகுதி 40 சென்டிமீட்டருக்கு போட்டது, அதனால தாடையும் தூக்கி உடம்பும் முன்னாடி வந்து, பாக்கறவங்களுக்கு அவர் ஏதோ மோப்பம் பிடிக்கிற மாதிரி இருக்கும். கழுத்து வலிக்கு ஆறு மாசம் மாத்திரை போட்டாரு. கடைசில மானிட்டர் தூரத்துக்குன்னு தனியா ஒரு கண்ணாடி போட்டதும் சரியாச்சு. நாப்பது தாண்டினவங்க கண் டெஸ்டுக்கு போறதுக்கு முன்னாடி மானிட்டர் எத்தன சென்டிமீட்டர்ல இருக்குன்னு அளந்து ஒரு சீட்டுல எழுதிட்டு போங்க, அத கேக்காமலே கண்ணாடி எழுதிக் குடுக்கற எடமும் இருக்கு.

எரிச்சல் கதைய தனியா சொல்லணும், ஏன்னா அது தூரத்தோட மட்டும் போகல. எனக்கு கண்ணுலேந்து தண்ணி கொட்டும், அதனால ட்ரை ஐன்னு டாக்டர் சொன்னப்ப நான் நம்பல, தண்ணி கொட்டற கண்ணு எப்படி காஞ்ச கண்ணாகும். ஆரஞ்சு கலர் சாயம் தோய்ச்ச ஒரு சின்ன பேப்பர் நுனிய கண்ணுல தொட்டு எடுத்துட்டு, ரூம் லைட்ட அணைச்சு நீல லைட்டுல பாத்தாங்க. "ஒரு தடவ சிமிட்டிட்டு அப்படியே தெறந்து வைங்க"ன்னு சொல்லிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினாங்க. அஞ்சு சொல்லல, நிறுத்திட்டாங்க. கருவிழி மேல பச்சையா பரவியிருக்கிற கண்ணீர்ப் படலம் நாலாவது செகண்ட்லயே அங்கங்க கிழிஞ்சு கருப்பு ஓட்டை விழுதாம், பத்து செகண்டுக்கு மேல தாங்கணுமாம். இமை ஓரத்துல வரிசையா எண்ணெய் சுரக்கற சுரப்பிங்க இருக்கு, அந்த எண்ணெய்தான் கண்ணீருக்கு மேல மூடி மாதிரி இருந்து ஆவியாகாம காக்குது. ஒவ்வொரு தடவ முழுசா சிமிட்டும்போதும் அது பிழிஞ்சு வெளிய வரும். சிமிட்டலன்னா சுரப்பி அடைச்சுக்கும், கண்ணீர் காயும், கண்ணு உறுத்தும், உறுத்தினதும் மூளை பயந்துபோய் ஒரேயடியா தண்ணிய தொறந்து விடும், அந்த தண்ணில எண்ணெய் பத்தாது, கன்னத்துல வழிஞ்சு போயிடும். அதான் தண்ணி கொட்டற காஞ்ச கண்ணு.

சாதாரணமா பேசிட்டு இருக்கும்போது நிமிஷத்துக்கு ஒரு 15 தடவையாவது சிமிட்டுவோம். அவர் நான் வேலை செய்யறத வீடியோ எடுத்தாரு, ஒரு நிமிஷத்துல 6. அதுலயும் ரெண்டு அரைகுறை, மேல் இமை பாதி வழில யூ டர்ன் அடிச்சுட்டு போகுது. அந்த வீடியோவ பாத்தப்ப எனக்கே என் கண்ணு மேல பாவமா இருந்துச்சு. இப்ப காலைலயும் நைட்டும் வெதுவெதுப்பான துணிய மூடின இமை மேல ஒரு 5லேந்து 10 நிமிஷம் வச்சுக்கறேன் (சூடா இல்ல, கையில தாங்கற சூடு), அப்புறம் இமைய மெதுவா தடவி விடுவேன். கண்ணுக்கு ஈரம் தர்ற சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல தேவைப்பட்டா கெடாம இருக்க சேக்கற மருந்து இல்லாத வகைய வாங்கச் சொன்னாங்க. கண் சிவப்ப போக்கறதுக்குன்னு விக்கற சொட்டு வேற, அத தெனமும் விட்டா பழகிப்போயி விடாத நாள்ல இன்னும் சிவக்கும், அந்தப் பக்கம் போகாதீங்க. ஃபேன் காத்து நேரா முகத்துல அடிக்காம பாத்துக்கிட்டாலே பாதி எரிச்சல் போயிடுது.

20-20-20 எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 அடிக்கு அந்தப் பக்கம் 20 செகண்ட் பாக்கணும், 1990கள்ல ஜெஃப்ரி ஆன்ஷெல்னு ஒரு அமெரிக்க கண் பரிசோதகர் ஞாபகம் வச்சுக்க ஈஸியா இருக்கட்டும்னு போட்ட கணக்கு. நல்ல கணக்குதான், ஆனா நான் வச்ச அலாரத்த மூணாவது நாளே பாக்காம அமுக்க ஆரம்பிச்சுட்டேன். இப்ப போன் வந்தா எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போய் வெளிய பாத்துட்டுதான் பேசறேன், பெரிய ஃபைல் திறக்க சுத்திட்டு இருந்தா அதையே மொறச்சு பாக்காம அந்தக் கடிகாரத்த பாப்பேன். முள்ளு உடனே தெரிஞ்சா சரி, தெரியலன்னா எந்திரிக்கற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். அலாரத்த விட அந்தக் கடிகாரம் நல்லா வேலை செய்யுது.

அந்த ப்ளூ கட் கண்ணாடி பத்தி கேட்டேன், டாக்டர் உதட்ட பிதுக்கினாங்க. 2023ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள தொகுத்துப் பாக்கற ஒரு அமைப்பு அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் சேத்து அலசினதுல, சாதாரண லென்ஸோட ஒப்பிட்டா ஸ்க்ரீனால வர்ற கண் களைப்ப அது கொறைக்கறதா தெரியலன்னுதான் வந்துச்சு. ஸ்க்ரீன்லேந்து வர்ற நீல வெளிச்சம் பகல் வானத்துலேந்து வர்றதுக்கு முன்னாடி கொசுறு. நைட்டு தூக்கத்த கெடுக்கும், அது வேற விஷயம், அதுக்கு கண்ணாடி எதுக்கு, மொபைல கீழ வச்சா போச்சு.

மொபைல கீழ வைக்காததுனால எனக்கு ஒரு நாள் நைட்டு உயிர் போய் வந்துச்சு. ஒருக்களிச்சு படுத்துட்டு இருட்டுல மொபைல் பாத்துட்டு இருந்தேன், அணைச்சுட்டு திரும்பிப் படுத்தா வலது கண்ணு சுத்தமா தெரியல. இடது கண்ணுக்கு ரூம் தெரியுது, வலது கண்ண மட்டும் தெறந்தா கரி. கைய முன்னாடி ஆட்டறேன், தெரியல. அவரை எழுப்பிட்டேன். லைட்டு போட்டதும் ரெண்டும் நல்லா தெரியுது! விஷயம் என்னன்னா இடது கண்ணு தலகாணில அமுங்கி மூடி இருந்துச்சு, அது இருட்டுக்கு பழகிடுச்சு, வலது கண்ணு மட்டும் வெளிச்சத்த பாத்துட்டே இருந்துச்சு, அது இருட்டுக்கு பழக சில நிமிஷம் எடுத்துக்கிச்சு. 2016ல ரெண்டு பெண்களுக்கு இப்படியே ஆனத ஒரு பெரிய மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்கன்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா கையோட இதையும் சொன்னாங்க: ஒரு கண்ணுல திடீர்னு பார்வை போறது, மின்னல் வெட்டற மாதிரி தெரியறது, கருப்புப் புள்ளிங்க திடுதிப்புனு கூட்டமா மெதக்கறது, ஓரத்துலேந்து திரை எறங்கற மாதிரி வர்றது, இதெல்லாம் வந்தா மொபைலா தலகாணியான்னு ஆராய்ச்சி பண்ணாம அன்னைக்கே கண்ண காமிக்கணும், விழித்திரை கழண்டா மணிக்கணக்குதான் டைம். மைனஸ் பவர் அதிகம் உள்ளவங்களுக்கு அந்த ஆபத்து கூட.

இப்ப பொண்ணு விஷயம். அவ 14 சென்டிமீட்டர்ல, அதாவது கிட்டத்தட்ட ஏழு டயாப்டர்ல பாத்துட்டு இருந்தா, ஒரு நாள் கூட கண்ணு வலிக்குதுன்னு சொன்னதில்ல. அதையேதான் நான் நல்ல கண்ணுன்னு நெனச்சேன். மேல சொன்ன கணக்குப்படி 9 வயசுல பதினஞ்சு டயாப்டருக்கு மேல கையிருப்பு, அவ லென்ஸ் ஜெல்லி மாதிரி வளையுது, வலிக்கவே வலிக்காது. எனக்காவது வலி வந்து காட்டிக் குடுத்துச்சு, அவளுக்கு அந்த அலாரமே இல்ல. என்னோடது தசைப் பிடிப்பு, விட்டா தளரும். வளர்ற பசங்களுக்கு கண்ணு உருண்டையே பின்னாடி நீளும், 1 மில்லிமீட்டர் கூடுதலா நீண்டா 2.5லேந்து 3 வரைக்கும் மைனஸ் ஏறும், நீண்டது திரும்ப சுருங்காது. அவளுக்கும் சொட்டு விட்டு பாத்தோம், மைனஸ் 0.50, இப்பதான் ஆரம்பம்.

அவளுக்கு ஸ்க்ரீன் டைம கொறைங்கன்னு மட்டும் சொல்லி அனுப்புவாங்கன்னு நெனச்சேன், டாக்டர் அதிகமா அழுத்திச் சொன்னது வெளிய அனுப்புங்கன்னு. சீனாவுல குவாங்சோல ஆறு வயசு பசங்களுக்கு ஸ்கூல்லயே தெனமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டுப் பாத்திருக்காங்க, மூணு வருஷத்துல புதுசா கிட்டப்பார்வை வந்தது அந்த ஸ்கூல்கள்ல 30.4 சதவீதம், மத்த ஸ்கூல்கள்ல 39.5, 2015ல வந்த ஆய்வு. தைவான்ல 2010லேந்து தெனமும் 120 நிமிஷம் வெளியனு ஸ்கூல்ங்களுக்கு திட்டமே போட்டாங்க. வீட்டுக்குள்ள லைட்டு போட்டா சில நூறு லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு), வெளிய வெயில்ல பத்தாயிரத்துக்கு மேல, நிழல்ல நின்னா கூட ஆயிரக்கணக்குல வரும். அந்த வெளிச்சம்தான் கண்ணு நீள்றத மட்டுப்படுத்துதுன்னு நெனைக்கறாங்க. ஏற்கனவே வந்த பவர அது எறக்காது, வர்றத தள்ளிப் போடும். அவ சாயங்காலம் வெளிய போறா, நானும் கூட போறேன், எனக்கும் அந்த நேரம்தான் கண்ணு தளர்ற நேரம்.

டேப்லட்ட பிடுங்கல, பெரிய சண்ட ஆயிருக்கும். அதுல பாக்கறத டிவில போட்டு விட்டுட்டோம். சின்ன வயசுல எங்கப்பா "டிவிகிட்ட உக்காராத, கண்ணு போயிடும்"னு கத்துவாரு. எங்கேந்து வந்த பயமோ தெரியாது, ஆனா 1967ல அமெரிக்காவுல கலர் டிவி சிலதுலேந்து எக்ஸ் கதிர் அளவுக்கு மேல கசியுதுன்னு கண்டுபிடிச்சு திரும்ப வாங்கின கதை நெஜமா நடந்தது, அந்த குழாய் டிவியெல்லாம் எப்பவோ போயாச்சு. இன்னைக்கு வீட்டுல இருக்கிற ஸ்க்ரீன்லயே சாது டிவிதான், ரெண்டரை மீட்டர்ல உக்காந்தா 0.4 டயாப்டர். டிவிய பாத்தா திட்டிட்டு கைல மொபைல குடுத்து உக்கார வைக்கிற கூத்த நாங்களும்தான் பண்ணிட்டு இருந்தோம்.

படிக்கிறதுக்கு, மொபைலுக்கெல்லாம் அவளுக்கு ஒரு அளவு சொல்லிக் குடுத்தாங்க. கைய முஷ்டி பிடிச்சு கன்னத்துல வை, முழங்கை முனை எங்க நிக்குதோ அதுக்கு இந்தப் பக்கம் எதையும் கொண்டு வராத. ஸ்கேல் தேடிப் போக வேணாம், உடம்புலயே இருக்கு. அவ இத வெளையாட்டா பிடிச்சுக்கிட்டா, வீட்டுல யார் எத கிட்ட வச்சு பாத்தாலும் வந்து கன்னத்துல முஷ்டிய வச்சு நம்ம முகத்துக்கு நேரா நிப்பா.

நாலு மாசம் ஆச்சு. பழைய மைனஸ் 1.50 கண்ணாடிதான் போட்டுக்கறேன், அந்த ப்ளூ கட் டப்பால தூங்குது. புருவ வலி மூணாவது வாரத்துலயே போயிடுச்சு, எரிச்சல் முழுசா போகல, வெதுவெதுப்புத் துணிய ரெண்டு நாள் விட்டா திரும்ப வந்து நிக்கும். லேப்டாப் ஒழுங்காயிடுச்சு, மொபைல்தான் இன்னும் இழுபறி. நேத்து நைட்டு அஞ்சு நிமிஷம்னு படுக்கைல எடுத்தேன், எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியல, நெத்தில ஏதோ ஜில்லுனு பட்டுச்சு. இன்ச் டேப்போட தகர நுனி. பொண்ணு மறு நுனிய மொபைல்ல வச்சு குனிஞ்சு பாத்துட்டு "22"ன்னா. மொபைல வாங்கி சார்ஜ்ல போட்டுட்டு, டேப்ப சர்ருனு சுருட்டிக்கிட்டு போயிட்டா.